அரண்மனையும் லயன் வீடும்: நெகிரி செம்பிலான் அருங்காட்சியகங்களின் வளர்ச்சியும் தோட்டத் தமிழர் வரலாறும்

முன்னுரை

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் அருங்காட்சியக வரலாறு ஒரு மர வீட்டிலிருந்து தொடங்குகிறது. அது அரசர் ஒருவர் தம் மகளுக்காகக் கட்டிய வீடு. அதே மாநிலத்தில் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் தமிழர் வாழ்ந்த ஆயிரக்கணக்கான மர வீடுகளும் இருந்தன. அவற்றை லயன் வீடுகள் என்றோம். முன்னது பிரிக்கப்பட்டு, சுமந்து செல்லப்பட்டு, மீண்டும் எழுப்பப்பட்டு இன்றும் நிற்கிறது. பின்னவற்றுள் பெரும்பாலானவை செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் இடங்கொடுத்து மறைந்தன. இவ்வேறுபாட்டைப் புறக்கணிப்பு என்னும் ஒரு சொல்லால் விளக்கிவிட இயலாது. எப்பொருள் அருங்காட்சியகத்தை வந்தடைகிறது, எப்பொருள் அடைவதில்லை என்பதற்குச் சமூகக் காரணங்கள் உள. அக்காரணங்களை ஆராய்வதும், தோட்டத் தமிழர் வரலாற்றைச் சேர்ப்பதற்கு எங்கிருந்து தொடங்கலாம் என்பதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் அரண்மனையிலிருந்து பல காட்சியகங்கள்

அம்பாங் திங்கி அரண்மனை 1860களின் பிற்பகுதியில், யாம்துவான் இமாம் தம் மகள் துங்கு சிண்டாய்க்காகக் கட்டியது. 1950களின் தொடக்கத்தில் அது பிரிக்கப்பட்டுச் சிரம்பானுக்குக் கொண்டுவரப்பட்டு அருங்காட்சியகமாக்கப்பட்டது. பின்னர் மாநிலக் கலைபண்பாட்டு வளாகம் உருவானபோது அவ்வீடு மீண்டும் இடம்பெயர்ந்து அங்கு நிலைகொண்டது. அவ்வளாகத்தில் நிற்கும் இன்னொரு மரவீட்டின் வரலாறும் எண்ணத்தக்கது. 1898-இல் கட்டப்பட்ட அவ்வீடு, மலாய்க் கட்டடக் கலைக்குச் சான்றாக 1924-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டது. திரும்பி வந்தபின் மீண்டும் பொருத்தப்பட்டது. ஆணியின்றிப் பொருத்தும் தச்சுமுறை இவ்வீடுகளைப் பெயர்த்து எடுக்கத்தக்கனவாக ஆக்கியது. எனினும் பெயர்த்தெடுத்துக் காக்க வேண்டும் என்னும் விருப்பம் இல்லையேல் தச்சுமுறை மட்டும் பயன்பட்டிராது.

ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனை இம்மரபின் உச்சம். 1875-76 போரில் ஆங்கிலேயப் படை முந்தைய அரண்மனையை எரித்தது. அதன் பின்னர் 1902-இல் தொடங்கி 1908-இல் முடிந்த இப்புதிய மாளிகையைக் காஹார், தாயிப் என்னும் இரு மலாய்த் தச்சர்கள் உருவாக்கினர். இதன் 99 தூண்கள் 99 வீரர்களைக் குறிப்பன என்பது மரபு. 1931 வரை அரசகுடும்பம் வாழ்ந்த இம்மாளிகை 1992-இல் அரச அருங்காட்சியகமாயிற்று.

அடுத்தடுத்த பத்தாண்டுகளில் காட்சிப்பொருளின் எல்லை விரிந்தது. 1847-இல் ராஜா ஜுமாட் எழுப்பிய லுகுட் கோட்டையின் அடிவாரத்தில் 1999-இல் லுகுட் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஈயச் சுரங்கக் காலத்தையும், 1606-இல் போர்ட்டிக்சனுக்கு அருகே கடலில் மூழ்கிய நசாவ் என்னும் டச்சுக் கப்பலிலிருந்து எடுக்கப்பட்ட பொருள்களையும் அங்குக் காணலாம். போர்ட்டிக்சனில் தரைப்படை அருங்காட்சியகமும் ஜெலெபுவில் வழக்காற்று அருங்காட்சியகமும் எழுந்தன. அரசு, போர், கடல், ஈயம், வழக்காறு என ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இல்லம் கிடைத்தது. 20-ஆம் நூற்றாண்டில் இம்மாநிலத்தின் நிலத்தோற்றத்தையே மாற்றிய இரப்பர்த் தோட்டத்தைத் தன் மையப்பொருளாகக் கொண்ட இல்லம் மட்டும் இவ்வரிசையில் இடம்பெறவில்லை.

கொடுப்பதற்கு உரியவர் யார்?

இவ்விடைவெளிக்கு முதற் காரணம் உடைமையே என்பது நம் கருத்து. நெகிரி செம்பிலானின் அடாட் பெர்ப்பாத்தே வழக்காறு தாய்வழி மரபுடையது. குலச்சொத்தாகிய நிலமும் வீடும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். ஆகவே ஒவ்வொரு பழைய வீட்டிற்கும் உரியவர் உண்டு. ஒவ்வொரு குத்துவாளுக்கும் பட்டாடைக்கும் வழிவழிக் கதை உண்டு. அருங்காட்சியகம் கேட்கும்போது கொடுப்பதற்கு ஒரு கை இருந்தது. கொடுத்தவர் பெயரும் பொருளோடு சேர்ந்து நின்றது.

தோட்டத்தில் நிலைமை நேர்மாறானது. லயன் வீடு கம்பெனிக்கு உரியது. வேலை உள்ளவரை வீடு. வேலை நின்றால் வீடும் நின்றது. முப்பது, நாற்பது ஆண்டுகள் ஒரே அறையில் வாழ்ந்து பிள்ளைகளை வளர்த்த குடும்பமும் அதன் ஒரு பலகையைக்கூடத் தனதென்று கூறும் உரிமை பெற்றதில்லை. பால் உளி, மங்கு, வாளி ஆகியவை தொழிற்கருவிகள்; தேய்ந்தால் மாற்றப்படுபவை. செக்ரோல் எனப்பட்ட வருகைப்பதிவேடு அலுவலகத்திற்கு உரியது; தோட்டம் கைமாறியபோது பழைய ஏடுகளைக் காக்கும் கடமை எவருக்கும் இல்லாமற் போயிற்று. தாய்வழி வீட்டுரிமை வேரூன்றிய ஒரு மாநிலத்தின் நடுவே, வீடே உரிமையாகாத ஒரு சமூகம் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கொடுப்பதற்கு எதுவும் இல்லாதவரை நோக்கி அருங்காட்சியகமும் கை நீட்டவில்லை.

தோட்டத்தின் உருவாக்கம்

இம்மாநிலத்தின் தோட்டப் பயிர்த்தொழில் இரப்பருக்கு முற்பட்டது. ரந்தாவ் வட்டாரத்து லின்சும், 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சுங்கை ஊஜோங்கின் காப்பித் தோட்டங்களுள் ஒன்றாக விளங்கியது. 1891-இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இருப்புப்பாதை, உள்நாட்டு விளைபொருளைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தது. காப்பியின் விலை வீழ்ந்து இரப்பரின் விலை ஏறியபோது தோட்டங்கள் பெருகின. 1910-ஆம் ஆண்டின் இரப்பர் விலையேற்றம் இலண்டனோடு நின்றுவிடவில்லை. சீனத்தின் சங்காய் நகரப் பங்குச்சந்தையிலும் மலாயா இரப்பர்க் கம்பெனிகளின் பங்குகள் பரபரப்பாக விற்கப்பட்டு, அவ்வாண்டே பெருவீழ்ச்சி கண்டன. சங்காய்-சிரம்பான் என்னும் தோட்டப் பெயர் அக்காலத்தின் எச்சம்.

தொழிலாளர் வரவும் இதே காலத்தில் ஒழுங்கமைக்கப்பட்டது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டு, முதலாளிகளிடம் பெற்ற தொகையால் பயணச்செலவு ஈடுசெய்யப்பட்டது. 1910-இல் ஒப்பந்த ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது; கங்காணி முறை அதன் இடத்தை நிரப்பியது. 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. அதன்பின் தோட்டத்தில் இருந்தவர்களின் பிள்ளைகளே தோட்டத்தின் தொழிலாளராயினர். இந்நிலத்தில் பிறந்து இந்நிலத்தையே அறிந்த தலைமுறையின் தொடக்கம் அதுவே.

போர்க்காலம் இத்தலைமுறையைச் சிதைத்தது. 1942-43 ஆண்டுகளில் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். மிகப் பலர் திரும்பவில்லை. நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தோட்டத் தமிழருக்கு அத்தகைய பெயர்வரிசை இல்லை. அவ்விழப்பை முதலில் ஏந்தியவை நாவல்களே. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவை அருங்காட்சியகம் செய்திருக்க வேண்டிய பணியைத் தம் அளவில் செய்தன. பின்னதன் தலைப்பே நமக்கு ஒரு குறிப்பாகும்.

போருக்குப் பின் தொழிற்சங்க இயக்கம் வேகம் கொண்டது. நெகிரி செம்பிலானில் தம் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி.பி. நாராயணன், 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களுள் முதன்மையானவரானார். இம்மாநிலத் தோட்டங்கள் நாட்டு வரலாற்றின் ஓரத்தில் இருந்தவை அல்ல என்பதற்கு இதுவொன்றே போதிய சான்று.

இலங்கை தரும் பாடம்

தோட்டத்தை அருங்காட்சியகப் பொருளாக்கும் முயற்சியை இலங்கை மலையகத்தில் இருவேறு வடிவங்களில் காணலாம். கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925-இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்று, 2001-இல் இலங்கைத் தேயிலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பழைய உருளைகளும் உலர்த்தும் பொறிகளும் அங்கு நேர்த்தியாகப் பேணப்படுகின்றன. 1867-இல் லூல்கந்துறையில் தேயிலைப் பயிரைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப்பொருள்களும் உள்ளன. தேயிலை எவ்வாறு உருவாகிறது என்பதை அறிய விரும்புவோர்க்கு அது சிறந்த இடம்.

கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் 2007-இல் தொடங்கப்பட்டது மற்றொன்று. சமூக அபிவிருத்தி நிறுவகம் உருவாக்கிய இத்தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும், தொழிலாளர் வாழ்ந்த லயன் அறைகளிலேயே அமைந்துள்ளன. வீட்டுப் பாண்டங்கள், வேலைக் கருவிகள், ஆவணங்கள் ஆகியவை அங்குச் சேர்க்கப்பட்டுள்ளன. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட ஒரு சமூகம், தன் இருப்புக்கான சான்றுகளைத் தானே தொகுத்துக்கொண்ட முயற்சி இது.

இரண்டும் தேயிலையைப் பற்றியனவே. ஒன்று தொழிற்சாலைக்குள்ளிருந்து தோட்டத்தைப் பார்க்கிறது. மற்றொன்று லயனுக்குள்ளிருந்து பார்க்கிறது. முன்னதில் பொருளுக்கும் பொறிக்கும் வரலாறு உண்டு; பின்னதில் மனிதருக்கு வரலாறு உண்டு. நம் நாட்டில் இரப்பருக்கு எழும் எந்தக் காட்சிக்கூடமும் இத்தேர்வை எதிர்கொண்டே தீரும். கண்ணாடிப் பேழைக்குள் ஓர் உளியும் ஒரு மங்கும் வைத்து 'இரப்பர் வெட்டும் கருவிகள்' என்று எழுதிவிடுவது எளிது. அவ்வுளியைப் பிடித்த கை எத்தனை மணிக்குப் பெரட்டுக்களத்தில் நின்றது, எத்தனை மரம் வெட்டியது, என்ன கூலி பெற்றது, பெண்ணின் கையாயின் ஏன் குறைந்த கூலி பெற்றது என்பன எழுதப்படாவிடில் அது உழைப்பின் வரலாறு ஆகாது.

பள்ளியே முதற் காப்பகம்

லயன்கள் போயின, செக்ரோல்கள் சிதறின. அவ்வாறாயின் எஞ்சியிருப்பது யாது? தோட்டத்தை விட்டுப் பெயர்ந்தபோது மக்கள் தம்மோடு எடுத்துச்சென்ற நிறுவனங்கள் இரண்டு: கோயிலும் பள்ளியும். இவற்றுள் எழுத்துப் பதிவு தொடர்ச்சியாக உடையது பள்ளி.

கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டங்கள், பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்கும் பொறுப்பை முதலாளியிடம் விட்டன. அப்பொறுப்பு பல இடங்களில் அரைமனத்துடனேயே நிறைவேற்றப்பட்டது. கிராணியோ கங்காணியோ ஆசிரியராக நின்ற பள்ளிகளும், கோயில் மண்டபத்திலும் ஆயாக் கொட்டகையிலும் நடந்த பள்ளிகளும் இருந்தன. ஆயினும் சட்டம் கேட்டதால் ஏடு எழுதப்பட்டது. பிள்ளையின் பெயர், தந்தை பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் என்பவை ஒரு கோட்டுத்தாளில் ஏறின.

மொரீசியசோடு ஒப்பிடும்போது இதன் மதிப்பு விளங்கும். அங்கு ஒப்பந்தத் தொழிலாளரின் தனியாள் பதிவேடுகள் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பேணப்படுகின்றன. வழித்தோன்றல்கள் தம் முன்னோரைப் பெயர் கொண்டு தேட இயலும். கங்காணி வழியாக மலாயா வந்தோரைப் பற்றிய அரசு ஆவணங்கள் பெரிதும் தொகையெண்களாகவே பேசுகின்றன. கப்பலில் எத்தனை பேர், தோட்டத்தில் எத்தனை பேர், இறந்தோர் எத்தனை பேர் என்ற கணக்கு கிடைக்கும், ஆள் கிடைப்பதில்லை. அந்த ஆளைப் பெயரோடு நாம் சந்திக்கக்கூடிய மிகச் சில இடங்களுள் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு ஒன்று.

பள்ளியின் பெயரும் ஓர் ஆவணமே. நெகிரி செம்பிலானில் ஏறத்தாழ அறுபது தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. லின்சும், சுவா பெத்தோங், பிராட்வால், ரீஜண்ட், கெடிஸ், ஜெராம் பாடாங் என அவற்றுள் பல தோட்டப் பெயரையே தாங்கி நிற்கின்றன. பெயரில் தோட்டம் இருக்கும் பள்ளியின் வாசலில் பால்மரமே இல்லாத நிலையை இன்று பல இடங்களில் காண்கிறோம். புதிய குடியிருப்புக்குப் பெயர்ந்த பள்ளிக்கு நவீனப் பெயர் சூட்டலாமே என்னும் பேச்சும் அவ்வப்போது எழுவதுண்டு. பெயரை மாற்றுவதற்கு முன் அப்பெயர் எதனைச் சுமக்கிறது என்பதை அறிந்துகொள்ளுதல் நலம். அம்பாங் திங்கி அரண்மனை இடம்பெயர்ந்தபின்னும் அம்பாங் திங்கி அரண்மனையாகவே வழங்குகிறது என்பதை இங்கு நினைவுகூரலாம்.

சேர்க்க வேண்டியவை

பள்ளியிலிருந்து தொடங்கும் தொகுப்பு நான்கு வகைப் பொருள்களை நோக்கிச் செல்ல வேண்டும்.

முதலாவது, ஏடுகள். சேர்க்கைப் பதிவேடு, தலைமையாசிரியர் குறிப்பேடு, பள்ளி வாரியக் கூட்டக்குறிப்பு, பழைய குழுப்படங்கள் ஆகியவை படியெடுக்கப்பட வேண்டும். மூல ஏட்டைப் பள்ளியிடமிருந்து பறிக்கவேண்டிய தேவையில்லை. இலக்கமுறைப் படியும் முறையான பட்டியலும் போதும். வாழ்பவரின் தன்விவரங்களைக் கொண்ட பக்கங்களைப் பொதுப்பார்வைக்கு வைப்பதில் கட்டுப்பாடு வேண்டும். தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள நெகிரி செம்பிலான் செயலகக் கோப்புகளோடு இவ்வேடுகளை இணைத்துப் படிக்கும்போது, ஆட்சியாளர் பார்வையும் தோட்டத்தின் உட்பார்வையும் ஒன்றையொன்று திருத்தும்.

இரண்டாவது, சொற்கள். பெரட்டு, கிராணி, தண்டல், மங்கு, காண்டா, ஒட்டுப்பால், பச்சைக்காடு, ஆயாக் கொட்டகை முதலியவை அகராதியில் ஒரு வரியோடு முடிபவை அல்ல. ஆங்கிலேயரின் படையணி வழக்கிலிருந்து பெரட்டும், மலாய் மொழித் தொடர்பிலிருந்து மங்கும் காண்டாவும் தோட்டத் தமிழுக்குள் வந்து சேர்ந்தன எனக் கருதலாம். மூன்று மொழிகள் ஒரே வேலைநாளில் கலந்து புழங்கியதற்கு இச்சொற்கள் சான்று. தோட்டங்களுக்குக் கம்பெனி இட்ட பெயர் ஒன்று. மக்கள் வழங்கிய பெயர் இன்னொன்று. மக்கள் வழங்கிய பெயர்களை அறிந்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

மூன்றாவது, பேச்சு. தோட்டத்தில் பிறந்து, மரம் வெட்டி, அங்கேயே ஓய்வுபெற்ற தலைமுறையின் நினைவுகள் ஒலிப்பதிவு செய்யப்பட வேண்டும். கேட்போர் தாம் கேட்க விரும்பும் கதையை வருவித்துக்கொள்ளாமல், சொல்வோரின் ஒழுங்கிலேயே சொல்லவிடுதல் முறையாகும். பெண்களிடம் தனியே கேட்டல் இன்றியமையாதது. விடியுமுன் சமைத்து, பிள்ளையை ஆயாவிடம் விட்டு, நிரைக்குச் சென்று, பால் சுமந்து திரும்பி, மீண்டும் அடுப்படிக்குப் போன வேலைநாளை எந்தச் செக்ரோலும் முழுமையாகப் பதிவு செய்ததில்லை.

நான்காவது, ஒரு லயன். எஞ்சியிருக்கும் தோட்டம் ஒன்றில் ஒரு வரிசையேனும் நின்ற இடத்திலேயே காக்கப்பட வேண்டும். அரண்மனையைப் பெயர்த்து வைத்தால் அதன் அழகு குறைவதில்லை. லயனைப் பெயர்த்து வைத்தால் அதன் பொருள் போய்விடும். துரை பங்களா மேட்டிலும் கிராணி வீடு நடுவிலும் லயன் பள்ளத்திலும் இருந்த அமைப்பைக் கண்டால்தான் தோட்டத்தின் அதிகார வரிசை விளங்கும்.

மறைக்கக் கூடாதவை

தோட்டம் மறைந்தபின் அதனை ஓர் இனிய கிராமமாக நினைவுகூரும் போக்கு நம்மிடையே வளர்ந்து வருகிறது. திருவிழாவும் கூத்தும் காற்பந்தும் உண்மைதான். கங்காணியின் கடன், கள்ளுக்கடை, சாதி பார்த்துப் பிரித்த லயன்கள், வேலை நீக்கத்தோடு வந்த வீட்டுநீக்கம் ஆகியவையும் உண்மைதான். அருங்காட்சியகம் முன்னதை மட்டும் வைத்தால் அது கம்பெனியின் விளம்பரமாகும். பின்னதை மட்டும் வைத்தால் அம்மக்கள் தாமே கட்டியெழுப்பிய வாழ்வை மறுப்பதாகும். சாதியைப் பற்றிய பகுதியை எழுதுவது கடினம். ஆயினும் அதை விட்டுவிட்டு எழுதப்படும் தோட்ட வரலாற்றைத் தோட்டத்தில் வாழ்ந்தவரே நம்பமாட்டார்.

முடிவுரை

நெகிரி செம்பிலானின் அருங்காட்சியகங்கள் வளர்ந்த முறையில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. அவை ஒரே நாளில் எழவில்லை. ஒரு வீட்டைக் காக்க வேண்டும் என்று சிலர் எண்ணினர். அடுத்து ஒரு கோட்டை, ஒரு கப்பல், ஒரு வழக்காறு எனத் தொகுப்பு விரிந்தது. தோட்ட வரலாற்றுக்கும் பெருங்கட்டடம் முதலில் தேவையில்லை. சேர்ப்பவரும் பட்டியலும் முதலில் தேவை. மாநில அருங்காட்சியகத்தின் கதையில் இரப்பர்க் காலத்திற்கு ஒரு கூடம் கேட்பது சலுகை வேண்டுவதன்று. அந்தாட்டு மக்கள் உழைப்பின்றி இம்மாநிலத்தின் 20-ஆம் நூற்றாண்டைச் சொல்லி முடிக்க இயலாது. ஆனால் கேட்பதற்குச் செல்லும்போது நம் கையில் பொருள் இருக்க வேண்டும்.

அப்பொருளின் முதற்பகுதி பல தமிழ்ப்பள்ளிகளின் அலமாரிகளில் உள்ளது. அதன் சாவி இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரியர் பலரிடம் இருக்கக்கூடும். கறையான் அரிப்பதற்கும், அடுத்த இடமாற்றத்தில் பழைய தாளென்று ஒதுக்கப்படுவதற்கும் முன் அவ்வேடுகளை எடுத்து, எண்ணிட்டு, பட்டியலிட்டுப் படியெடுப்பதே நாம் உடனடியாகச் செய்யத்தக்க அருங்காட்சியகப் பணியாகும்.